ஒத்தை விசில்

கதவு திறந்துதானே கிடக்கு, என்னத்துக்குத் தட்டுத? உள்ள வா. செருப்பை வாசல்லயே விடு. ஏஜென்சியில இருந்து வந்த பிள்ளைதானே நீ? நேத்தே வருவேன்னு சொன்னாங்க. நேத்து பூரா அடுத்த வீட்டுக்காரன் வந்துதான் என்னைத் தூக்கி உக்கார வச்சான். மாட்டைப் பிடிக்க மாதிரி பிடிக்கான், சவம்.

பேரா? சரி, சரி. பேரை வச்சு நான் என்ன செய்யப் போறேன்? பிள்ளேன்னு கூப்பிட்டா வந்திரு, போதும். நீ என்னைத் தாத்தான்னு கூப்பிடக் கூடாது, கேட்டியா? சார்னு சொல்லு. செக்கிங் நயினார்னா இந்தச் சங்கரன்கோவில் டிப்போவுல தெரியாத ஆளு கிடையாது. கண்டக்டரா ஏறி செக்கிங் இன்ஸ்பெக்டரா இறங்கினவன். வண்டியில ஏறி ஒரு பார்வை பாத்தேன்னா எவன் டிக்கெட் எடுக்கலன்னு மூஞ்சியே சொல்லிரும். ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குத மாதிரி கிடப்பான் பாரு, அவன்தான். எங்கிட்ட ஒருத்தன் தப்பினது கிடையாது.

இப்பக் கிடக்கேன் பாரு, ஹால்ல கட்டிலைப் போட்டு. இடது கையும் காலும் வராது. பக்கவாதம்னு சொல்லிட்டான். ஆனாலும் யானை படுத்தாலும் குதிரை மட்டம், தெரியும்லா? அதை மனசுல வச்சுக்கிட்டு வேலையைப் பாரு.

என்னது, சட்டை மாத்தப் போறியா? மாத்து. அதை எதுக்கு எங்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்க? "சார், இப்ப உங்க சட்டையைக் கழட்டப் போறேன், சரியா சார்"னு. நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்? கழட்டு. ஏ, மெதுவா. ஆங். நல்ல கையை முதல்ல கழட்டுத. புதுச் சட்டையைப் போடும்போது வராத கையை முதல்ல விடுவ. என்ன முழிக்க? எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கியா? எம் மகளும் இதையேதான் ஒப்பிப்பா.

எங்கன படிச்ச இதெல்லாம்? நர்சிங் காலேஜா? ரெண்டாம் வருஷமா? பொறவு என்னத்துக்கு இந்த வேலைக்கு வந்த? ஓ, லீவுல. அதுக்கும் தனியா ஒரு சர்டிபிகேட் வாங்கி வச்சிருக்கியாக்கும். அடி சக்கை. அப்ப நீயும் அதே கேஸ்தான். நர்ஸுக்குப் படிச்சுக்கிட்டே ஆயா வேலை. உங்கப்பா ஒண்ணும் சொல்லலையா?

சந்தோஷப்பட்டாரா. நல்ல அப்பா.

மூஞ்சியைத் தூக்காத பிள்ளே, உன்னைச் சொல்லல. கழுகுமலைப் பக்கத்துல இருந்து வார பிள்ளை, உனக்கு இது பொருத்தம்தான். நாலு வீட்டுக்குப் போனா நாலு விஷயம் தெரியும். எம் மகளுக்கு என்ன விதி? அதைத்தான் கேக்கேன்.

அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டே கேளு. உன்னை ஏற்பாடு பண்ணினதே அவதானே? டல்லாஸ்ல இருந்து ஏஜென்சிக்குப் போன் போடத் தெரியுது. பெத்த அப்பனுக்குப் போடத் தெரியல. என்ன பாவம் செஞ்சேன் நான்? நீயே கேட்டுட்டுச் சொல்லு.

அவ பேரு கோமதி. ஆடித்தபசுத் திருவிழா அன்னைக்குப் பிறந்தா, அதான் அம்மன் பேரு. ஒரே பிள்ளை. பத்தாங்கிளாஸ்ல பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க். என்ஜினீயரிங் படிக்க வச்சேன். கம்ப்யூட்டர் மாப்பிள்ளை, அமெரிக்கா. இந்தத் தெருவுல இருந்து முதல்ல பிளேன் ஏறினது எம் மகதான். அங்க போயி ஒரு பையன் பிறந்து, அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச பொறவு ஒருநாள் போன்ல சொல்லுதா: "அப்பா, நான் இங்க நர்சிங் படிக்கப் போறேன்." ஏட்டி, படிச்ச படிப்பு என்னாச்சுன்னு கேட்டேன். மாமியார் அங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நர்ஸுக பாத்துக்கிட்டதைப் பாத்தாளாம். அப்பவே மனசுல விழுந்துட்டாம்.

சரி, அமெரிக்காவுல நர்ஸுன்னா டாக்டருக்குச் சமம்னு சொல்லுதாங்க. டிப்போ வாசல் டீக்கடையில இருந்த எல்லாத்துக்கும் வடை வாங்கிக் குடுத்தேன். எம் மக அமெரிக்காவுல நர்ஸுன்னேன். படிக்கப் போறான்னு சொல்லல. எப்படியும் ஆகப் போறவதானே? முன்கூட்டியே ரிசர்வேஷன் பண்ணுத மாதிரி. அதுல என்ன பொய் இருக்கு?

அங்கனதான் இடிச்சுது. நேரா நர்ஸ் ஆக முடியாதாம் பாத்துக்க. அவ சேர்ந்த இடத்துல முதல்ல உதவியாளர் சர்டிபிகேட் வாங்கணும்னு சட்டமாம். வாங்கிட்டு, வயசானவங்க இல்லத்துல காலையில வேலை, பொறவு படிப்பு. என்ன வேலைன்னு கேட்டேன். குளிப்பாட்டணும், துடைக்கணும், திருப்பிப் போடணும், ஊட்டி விடணும், வெளிக்குப் போனா சுத்தம் பண்ணணும். "ஏட்டி, இது ஆயா வேலைல்லா"ன்னேன். "ஆமப்பா, ஆயா வேலைதான். ஆனா இதைச் சரியாச் செய்யத் தெரியாதவளை நர்ஸ் ஆக விட மாட்டாங்க"ங்கா. சிரிச்சுக்கிட்டே சொல்லுதா, அதைச் சொல்லு.

அதுக்கு ஒரு பரீட்சை வேற. கேட்டா நீ சிரிப்ப. இல்ல, நீ சிரிக்க மாட்ட, நீயும் அந்தக் கூட்டம்தான். ஒருத்தி நோயாளி மாதிரி நடிச்சுப் படுத்துக் கிடப்பாளாம். இவ கதவைத் தட்டணும். பேரைச் சொல்லணும். என்ன செய்யப் போறேன்னு அவகிட்ட சொல்லணும். திரையை இழுத்து விடணும். தண்ணி சூடு சரியா இருக்கான்னு அவளையே தொட்டுப் பாக்கச் சொல்லணும். எல்லாம் செஞ்சு முடிச்சுட்டு, கடைசியா, கூப்பிடுத மணி ஒண்ணு இருக்குமாம், அதை அந்தப் படுத்துக் கிடக்கவ கைக்கு எட்டுத மாதிரி வச்சிட்டுத்தான் வெளிய வரணும். எம் மக அத்தனையும் ஒழுங்காச் செஞ்சிட்டு அந்த மணியை மேசையிலயே விட்டுட்டு வந்துட்டா.

பெயில்.

பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க் வாங்கின பிள்ளை, மணியை எடுத்து வைக்காம பெயில். நான் யாருகிட்டச் சொல்ல? அவ அழுதா பாத்துக்க. பெயிலானதுக்கு அழல. "அப்பா, உண்மையிலயே ஒருத்தர் படுத்துக் கிடந்திருந்தா, அவங்க என்னை எப்படிக் கூப்பிட்டிருப்பாங்க?"ன்னு அழுதா. நான் சொன்னேன், வாயில்லையாட்டி அவளுக்கு, வாயைத் திறந்து கூப்பிடட்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு தெரியாமயா சொல்லி வச்சிருக்கான்?

எம் பொஞ்சாதி, வடிவு, சண்முகவடிவு முழுப்பேரு, அவளுக்குத்தான் இதெல்லாம் ஒரே கொண்டாட்டம். ரெண்டாம் தடவை பரீட்சைக்கு மகளுக்குப் பழக்கம் வேணும்னு அம்மாவும் மகளும் போன்லயே ஒத்திகை. இந்த உள் ரூம்புல போனை ஜன்னல்ல சாத்தி வச்சிட்டு வடிவு கட்டில்ல மல்லாந்து கிடப்பா. அங்க இருந்து இவ, "வணக்கம்மா, நான் கோமதி. இப்ப உங்களை இடது பக்கமாத் திருப்பப் போறேன், சரியாம்மா?" இங்க இருந்து அவ, "சரி தாயி, திருப்பு"ன்னு தானே உருண்டு படுப்பா. கடைசியில, "அம்மா, மணி உங்க கைக்கு எட்டுதா?" "எட்டுது தாயி, எட்டுது." ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு. சோத்தை அடுப்புல வச்சிட்டு இந்தக் கூத்து. நான் ஹால்ல இருந்து சத்தம் போடுவேன். இந்த வீட்டுல நான் சொன்னா யாரு கேட்டா?

ரெண்டாம் தடவை பாஸ் பண்ணிட்டா. வேலையில சேர்ந்துட்டா. சரி, அமெரிக்காவுல நடக்கது இங்க யாருக்குத் தெரியப் போகுதுன்னு நானும் விட்டுட்டேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வாசுதேவநல்லூர்ல ஒரு கல்யாணம். கூட வேலை பாத்த மாடசாமி பக்கத்து இலையில உக்காந்திருக்கான். அவன் மகனும் டல்லாஸ்லதான். செல்போனை நீட்டுதான். "அண்ணாச்சி, இது நம்ம கோமதிதானே?" பாத்தா, நீல உடுப்பு போட்டுக்கிட்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்கு இவ ஸ்பூன்ல ஊட்டிக்கிட்டு இருக்கா. கிழவி கழுத்துல சின்னப் பிள்ளைக்குக் கட்டுத மாதிரி ஒரு துண்டு. ஒழுகுத வாயை இவ துடைக்கா. "நர்ஸுன்னுல்லா சொன்னீரு அண்ணாச்சி?" அவ்வளவுதான் கேட்டான். சுத்தி நாலு பேரு குனிஞ்சு பாக்கான்.

இலையில சாம்பார் ஊத்திட்டான். அப்படியே எந்திரிச்சேன். காலமெல்லாம் டிக்கெட் இல்லாதவனை நடுவழியில இறக்கி விட்டவன் நான். அன்னைக்கு என்னை எல்லாரும் சேர்ந்து இறக்கி விட்டுட்டானுக.

வீட்டுக்கு வந்து போன் போட்டேன். அந்த வேலையை விடு, இல்லன்னா எங்கிட்டப் பேசாதன்னேன். அவ சொல்லுதா, "அப்பா, அந்தப் பாட்டிக்கு என்னைத் தவிர யாரு ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டாங்க." பாரு! அவளுக்கு அந்தக் கிழவி வாய் பெரிசா இருக்கு, இங்க ஊரு வாயில நான் அரைபடுதேன். அன்னையோட போனை வச்சவன்தான். அவ கூப்பிடுவா, வடிவு எடுப்பா, "அப்பாகிட்டக் குடுக்கவா?"ம்பா, நான் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிருவேன். பிடிச்சா உடும்புப் பிடி நமக்கு.

அந்தக் காலைக் கொஞ்சம் மேல அமுக்கு. ஆங், அங்கனதான்.

பொறவுதான் வடிவு விழுந்தா. தண்ணித் தொட்டிகிட்ட வழுக்கி இடுப்பெலும்பு போச்சு. ஆபரேஷன் பண்ணி பிளேட் வச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உள் ரூம்புல கட்டில்ல கிடந்தா. தானா எந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. மக உடனே வாரேன்னா. "கடைசிப் பரீட்சையை முடிச்சிட்டு வா தாயி, நான் எங்க போயிரப் போறேன்"னு வடிவுதான் தடுத்தா. எங்கிட்டக் கேட்டிருந்தா வாட்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். யாரு கேட்டா?

வரலையே ஒழிய போன்லயே அதிகாரம். ஸ்பீக்கர்ல போட்டுச் சொல்லுதா, நான் ஹால்ல உக்காந்து கேக்கேன். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும். காலுக்கு நடுவுல தலகாணி வைக்கணும். "அப்பா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்கன்னு தெரியும். அம்மா கைக்கு எட்டுத மாதிரி ஒரு மணி வைங்க. மணி இல்லன்னா உங்க பழைய விசில் இருக்குல்லா? அதை அம்மா கழுத்துல போட்டு விடுங்க. ஒத்த விசில் ஊதினா நீங்க வரணும்."

விசில்! அந்தா டிவிக்கு மேல ஆணியில தொங்குதே, அதுதான். கண்டக்டரா இருந்த காலத்துல இருந்து வச்சிருக்கேன். பித்தளை. பிளாஸ்டிக் விசில் வந்த பொறவும் நான் அதைத்தான் ஊதுவேன். ஒத்த விசில்னா வண்டி நிக்கணும், ரெட்டை விசில்னா புறப்படணும். நான் ஒத்த விசில் குடுத்தா எந்த மேட்டுலயும் டிரைவர் பிரேக்குல காலை வச்சிருவான். அது உத்தியோகம். அதைக் கொண்டு போயி படுக்கையில கிடக்கவ கழுத்துலயா மாட்ட?

ஆனாலும் மாட்டி விட்டேன் பாத்துக்க. நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் கிடையாது. மாட்டி விட்டுட்டு இந்தப் பக்கம் வந்து உக்காரல, ஊதினா பாரு. எனக்கு உடம்பு தூக்கிப் போட்டுட்டு. ஓடிப்போயிப் பாத்தா சிரிக்கா. "வண்டி நிக்குமோ நிக்காதோன்னு பாத்தேன்"ங்கா. என்னைக் கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து அவ எங்கிட்ட விளையாட்டாப் பேசினது அன்னைக்குத்தான். தண்ணி வேணும்னா. குடுத்தேன்.

மறுநாளு மாடசாமி வந்துட்டான், உடம்புக்கு எப்படி இருக்குன்னு கேக்க. ஹால்ல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கான். உள்ள இருந்து விசில். அவளுக்கு ஒண்ணுக்குப் பாத்திரம் வைக்கணும். இவன் காப்பித் தம்ளரை வச்சிட்டுச் சிரிக்கான். "என்ன அண்ணாச்சி, வீட்டுக்குள்ள பஸ் ஓடுதா? இப்ப நீரு டிரைவரா?" பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு அவன் முன்னால நடந்து போறேன். செக்கிங் நயினார் பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டுப் போறான்.

அவன் போன பொறவு கழட்டிட்டேன். "ஏளா, ஹால்லதானே இருக்கேன், ஒரு சத்தம் குடுத்தா வர மாட்டேனா?"ன்னு கேட்டேன். "சரிங்க"ன்னா. அந்த ஆணியில மாட்டினேன், அன்னையில இருந்து அங்கனதான் இருக்கு.

அவளுக்கு எப்பவும் அதுதான் கோளாறு. வாயைத் திறந்து கேக்க மாட்டா. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? ஒரு மத்தியானம் சோறு குடுத்து, படுக்க வச்சிட்டு, நான் இங்கன உக்காந்து டிவியைப் போட்டேன். ஏதோ பழைய மேட்ச். ஒரே ஆரவாரம். கொஞ்சம் கண்ணசந்தேனோ என்னமோ. அடுத்த வீட்டுச் செல்லக்கனி பின்வாசல் வழியா ஓடி வந்து கத்துதா. போயிப் பாத்தா வடிவு தரையில கிடக்கா. தானா எந்திரிச்சுப் பாத்ரூம் போகப் பாத்திருக்கா. விழுந்து தலையில அடி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே முடிஞ்சிட்டு.

ஏன் எந்திரிக்கணும்? அதைத்தான் நான் கேக்கேன். டாக்டர் எந்திரிக்காதன்னுதானே சொன்னாரு? கூப்பிட வேண்டியதுதானே? கூப்பிட்டிருந்தா எனக்குக் கேக்காதா?

இந்தச் செல்லக்கனி இருக்காளே, அவ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதா. அவ கிணத்தடியில துணி துவைச்சுக்கிட்டு இருந்தப்போ கேட்டுச்சாம். "ஏங்க... ஏங்க..."ன்னு ரொம்ப நேரமாக் கூப்பிட்டாளாம். நான் வீட்டுலதானே இருக்கேன்னு இவ துணியை அலசிட்டு வந்தாளாம். அவளுக்குக் கேட்டுதாம், எனக்குக் கேக்கலையாம்! சரி, கேட்டவ உடனே வர வேண்டியதுதானே? அதை யாராவது கேட்டானா? எனக்குக் காது கணீர்னு கேக்கும். எஞ்சின் இரைச்சலுக்குப் பக்கத்துல நின்னே காலத்தை ஓட்டினவன். அந்த இரைச்சல்லயே கடைசி சீட்டுல எவன் சில்லறை குலுக்கினாலும் எனக்குக் கேக்கும்.

என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு. கொஞ்சம் சத்தமாப் பேசு பிள்ளே, வாய்க்குள்ளயே முனங்குத.

ஆங், வந்தா. கோமதி வந்தா. ராத்திரி பகலாப் பறந்து வந்தா. அம்மா காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவ எந்திரிக்கல. எல்லாம் முடிஞ்சு ஆளுக கலைஞ்ச பொறவு, இங்கன, இந்த ஹால்ல வந்து நின்னா. ஆணியைப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. "அப்பா, இது ஏன் இங்க தொங்குது?"ன்னு கேட்டா. துக்க வீட்டுல கேக்கக் கூடிய கேள்வியா இது? பொஞ்சாதியைப் பறிகுடுத்துட்டு நான் உக்காந்திருக்கேன், நீங்க சாப்பிட்டீங்களாப்பான்னு கேக்கணுமா வேண்டாமா? "எங்க தொங்கணுமோ அங்கதான் தொங்குது"ன்னேன். அவ்வளவுதான். பொறவு ஒரு வார்த்தை பேசல. பதினாறாம் நாள் விசேஷம் முடியுத வரைக்கும் இருந்தா, எனக்குத் தட்டுல சோறு வச்சா, வேட்டியைத் துவைச்சுப் போட்டா, எல்லாம் செஞ்சா. பேசல. பிளேன் ஏறிட்டா.

இப்ப அவ நர்ஸ் ஆயிட்டாளாம். மாடசாமிதான் சொன்னான். நிஜ நர்ஸ். முன்னால சொன்னதை இப்பத் தைரியமாச் சொல்லலாம், சொல்லுததுக்கு டீக்கடைக்கு நடந்து போகக் காலு இல்ல. நான் விழுந்து இத்தனை நாளாச்சு. ஒரு போன் கிடையாது. யாரு யாரோ கிழவிக்கெல்லாம் ஊட்டினவ.

உனக்குப் போன் பண்ணினாளா? எப்ப? இன்னைக்குக் காலையிலயா? என்ன கேட்டா? எம் பேரைச் சொன்னாளா? அழுதாளா? அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டாளா? நீ இன்னும் என்னைப் பாக்கவே இல்லையே அப்ப, உனக்கு எப்படித் தெரியும். சரி. திருப்பிக் கூப்பிடுவால்லா? கூப்பிட்டா... நான் பேச மாட்டேன்னு சொல்லிரு. அவ கேட்டாச் சொல்லு. கேக்கலன்னா, நீயா ஒரு பேச்சுக்கு, சார் முழிச்சுத்தான் இருக்காருன்னு சொல்லிப் பாரு. என்ன சொல்லுதான்னு பாப்போம்.

இரு, எங்க எந்திரிக்க? கஞ்சியா? இப்பப் பசிக்கல. சரி, வை. தொட்டுக்கத் தேங்காத் துவையல் அரை. உப்பு நிறையப் போடு. டாக்டர் கிடக்கான்.

ஏ... ஏ பிள்ளே! அதை ஏன் எடுக்க? அந்த ஆணியில இருக்கதைத் தொடாத. என்னத்துக்கு அதைத் துடைக்க? இங்க கொண்டு வராத. என் கையில எதுக்கு வைக்க?

யாரு சொன்னா? அவளா? என்ன சொன்னா, அப்படியே சொல்லு. "எதை மறந்தாலும், அந்த விசிலை அப்பா கைக்கு எட்டுத மாதிரி வச்சிட்டுத்தான் அவரை விட்டு நகரணும்." இவ்வளவுதான் சொன்னாளா? வேற ஒண்ணும் சொல்லலையா?

பாத்தியா. பாத்தியா, எப்படிக் குத்திக் காட்டுதா. அத்தனை தூரத்துல இருந்துக்கிட்டு ஒரு ஊசியை எடுத்துக் குத்துதா. அப்பன் பிழைச்சுக் கிடக்கானா செத்தானான்னு கேக்கல, விசிலைப் பத்திப் பேசுதா. நான் செஞ்ச தப்புன்னு சொல்லுதா, அதானே? ஊரு பூரா சொன்னது போதாதுன்னு கூலிக்கு வந்த பிள்ளை கையிலயும் குடுத்து விடுதா.

எடு. எடு இதை. அங்கனயே மாட்டு. பெயிலாயிருவியா? யாரு இங்க மார்க் போடுதா உனக்கு? ஹாலும் அடுக்களையும் ஒரு கூப்பிடு தூரம். எனக்கு வாய் நல்லாத்தான் இருக்கு. மாட்டுன்னா மாட்டு. இல்லன்னா உன் பையைத் தூக்கிக்கிட்டு அடுத்த கழுகுமலை வண்டிக்குப் போ.

ம். அப்படி. சொன்னாக் கேக்கணும். போ, போயி அடுப்பைப் பாரு.

அங்க இருந்தே கேளு. நான் கோமதியை ஏசினது கிடையாது, கேட்டியா? சின்னப் பிள்ளையில காய்ச்சல் வந்தாக்கூட நான்தான் டூட்டியை மாத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவேன். அந்த விசிலை அவ வாயில வச்சாத்தான் மருந்து குடிப்பா. ஊதிக்கிட்டே தூங்குவா. அதெல்லாம் மறந்துட்டா. நீ அவகிட்ட இதையும் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத. நீயாச் சொல்லு. கேக்குதா?

ஏ பிள்ளே?

மிக்ஸி போட்டுட்டாளா. என்ன இரைச்சல் இது. ஏ பிள்ளே, ஒரு நிமிஷம் அதை நிப்பாட்டு. ஒண்ணுக்கு வருது.

இந்தா... ஏம்மா. அவசரமா வருது. நிப்பாட்டுன்னு சொல்லுதேன்லா. இங்க ஒருத்தன் கத்துதது கேக்கலையா?

காது கேக்காதா இந்தப் பிள்ளைக்கு? தேங்காய் அரைக்க இவ்வளவு நேரமா? ஏ... ஏ...

இந்த வேட்டியிலயா? ஒரு பொம்பளப் பிள்ளை முன்னால, முதல் நாளே? சீ. ஆணி அந்தா, எதிர்லதான் இருக்கு. வலது கால் நல்லாத்தானே இருக்கு. கட்டில் சட்டத்தைப் பிடிச்சு ஒரு உந்து உந்தி எந்திரிச்சா விசில் எட்டிரும்.

ஏ பிள்ளே... உன் பேரு என்னன்னு சொன்ன?